மாட்டுங்கா: வாடகை வீடுகள் உண்டாக்கிய பேட்டை

மும்பைக்கு மாற்றலாகி வந்திருக்கும் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மாட்டுங்காவை ஏன் குட்டி மதராஸ் என்று அழைக்கிறார்கள்? இவ்வளவு பெரிய நகரத்தில் தமிழர்கள் அந்த ஓரிடத்தில் மட்டும் அத்தனை நெருக்கமாகச் சேர்ந்தது எப்படி? அங்கே வீடு பார்க்கலாம் என்று நினைக்கும் உங்களுக்கு அது இன்றும் தமிழர் பேட்டையாகத்தான் இருக்குமா? கோயில்களும் காப்பிப்பொடிக் கடைகளும் சபாக்களும் முதலில் கண்ணில் படுவதால், அவைதாம் மாட்டுங்காவை உருவாக்கின என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அவையெல்லாம் பிறகு வந்தவை. முதலில் வந்தது, வெளியூரிலிருந்து வந்த ஒரு குமாஸ்தாவுக்கு மாதச் சம்பளத்தில் வாடகைக்குக் கிடைத்த வீடு. அந்த வீடு எதனால் கட்டப்பட்டது, அதில் யார் குடியேறினார்கள், பிறகு ஏன் அது கிடைக்காமல் போயிற்று என்பதைச் சொன்னால் உங்கள் மூன்று கேள்விகளுக்கும் விடை அதிலேயே இருக்கும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்கள் இதில் குழம்புகிறார்கள். சென்ட்ரல் லைனில் தாதருக்கும் சயனுக்கும் நடுவே இருக்கும் மாட்டுங்கா நிலையத்தில் இறங்கிக் கிழக்குப் பக்கம் வெளியே வந்தால்தான் நீங்கள் தேடும் மாட்டுங்கா கிடைக்கும். வெஸ்டர்ன் லைனில் இருக்கும் மாட்டுங்கா ரோடு வேறு நிலையம். ஹார்பர் தடத்தில் இருக்கும் கிங்ஸ் சர்க்கிள் நிலையமும் இந்தப் பகுதிக்கு அருகில்தான் உள்ளது. ஸ்டேஷனிலிருந்து கிழக்கே சிறிது தூரம் நடந்தால், இன்று மகேஸ்வரி உத்யான் என்று பெயர் பெற்றுள்ள வட்டப் பூங்காவும், அதைத் தொட்டுச் செல்லும் டாக்டர் அம்பேத்கர் சாலையும் வரும். தெற்கே ஃபைவ் கார்டன்ஸ், பார்சி காலனி, இந்து காலனி ஆகியவை இருக்கின்றன. தண்டவாளத்துக்கு மேற்கே, சற்று வடக்காகத் தாராவி இருக்கிறது. இந்த அண்டை வீட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே குடியிருக்க யாரும் விரும்பியிருக்க மாட்டார்கள். பம்பாய் என்றால் அன்று தெற்கே கோட்டைப் பகுதியும் அதை ஒட்டிய நெரிசலான தெருக்களும்தான். மாட்டுங்கா தீவின் வடகோடியில் வயலும் பள்ளமும் பனையும் நிறைந்த ஒதுக்குப்புறம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனியாரின் பீரங்கிப் படை இங்கே முகாமிட்டிருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. 1890-இல் அன்றைய மாநகராட்சி ஆணையர் ஆக்வர்த்தின் முயற்சியால் வீடற்ற தொழுநோயாளர்களுக்கான காப்பகம் இங்கேதான் அமைக்கப்பட்டது. வடாலாவில் ஆக்வர்த் மருத்துவமனை என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. நகரம் தன் கண்ணில் படாமல் ஒதுக்கிவைக்க நினைத்தவர்களைக் கொண்டுவந்து விட்ட இடமாக மாட்டுங்கா அப்போது இருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அடுத்த நாற்பது ஆண்டுகளில் நடந்த மாற்றத்தின் அளவு புரியும்.

அந்த மாற்றத்துக்குக் காரணம் பிளேக். 1896-இல் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் தலைகாட்டிய நோய், காற்றும் வெளிச்சமும் புகாத சால்களில், அதாவது ஒற்றையறைக் குடித்தனங்கள் வரிசையாக அமைந்த கட்டடங்களில், வேகமாகப் பரவியது. பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர், அதைவிடப் பல மடங்கினர் ஊரைவிட்டே ஓடினர். ஆலைகளும் துறைமுகமும் ஆளின்றி முடங்கும் நிலை வந்த பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 1898-இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் நிறுவப்பட்டது. நெரிசலான பகுதிகளை இடித்துக் காற்றோட்டமுள்ள சாலைகளைத் திறப்பது அதன் ஒரு வேலை. இடம்பெயர்பவர்களுக்கும் புதிதாக வருபவர்களுக்கும் வடக்கே புதிய குடியிருப்புகளைத் திட்டமிடுவது மற்றொன்று. 1899, 1900 ஆண்டுகளில் தாதர், மாட்டுங்கா, வடாலா, சயன் பகுதிகளுக்குத் திட்டங்கள் தீட்டப்பட்டன. தாதர்-மாட்டுங்கா திட்டத்தில் மட்டும் 60,000 பேரைக் குடியமர்த்தலாம் என்று கணக்கிட்டார்கள். பள்ளங்களை மண்ணிட்டு மேடாக்கினார்கள், கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள், தெற்கே நகரின் நடுப்பகுதியோடு இணைக்கும் அகலமான நேர்ச்சாலை போட்டார்கள். ஒவ்வொரு மனையிலும் ஒரு பகுதியில்தான் கட்டலாம், கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே காற்றுக்கு இடம் விடவேண்டும், தரைத்தளத்துக்கு மேல் இரண்டு மாடிகளோடு நிறுத்திக்கொள்ளவேண்டும் என்பன போன்ற விதிகள் அன்று வகுக்கப்பட்டவை. மாட்டுங்காவின் பழைய தெருக்களில் நடக்கும்போது மரத்துக்கும் பால்கனிக்கும் நடுவே வானம் தெரிகிறதே, அது பிளேக்கைக் கண்டு அஞ்சிய ஒரு நிர்வாகம் வகுத்த விதியின் பயன்.

தெருக்களின் பெயர்களையும் கவனியுங்கள். பண்டார்கர் சாலை, தெலங் சாலை, பாவு தாஜி சாலை. ராமகிருஷ்ண கோபால் பண்டார்கர், காசிநாத் திரியம்பக் தெலங், டாக்டர் பாவு தாஜி லாட் மூவரும் 19-ஆம் நூற்றாண்டுப் பம்பாயின் பெரும் அறிஞர்கள். ஆளுநர்கள், படைத்தலைவர்கள் பெயர்களால் நிறைந்திருந்த நகரத்தில், படித்த நடுத்தர வர்க்கத்தை எதிர்பார்த்துப் போடப்பட்ட தெருக்களுக்கு அறிஞர்களின் பெயர்கள் அமைந்தது பொருத்தமாகவே எனக்குப் படுகிறது.

ஆனால் தெருக்கள் வந்ததும் மக்கள் வந்துவிடவில்லை. முதல் உலகப் போர் முடியும்வரை மனைகள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. அவ்வளவு தொலைவில் வீடு கட்டிக் குடியிருப்பவர் வேலைக்கு எப்படிப் போய்வருவார் என்ற கேள்விக்கு அன்று விடை இல்லை. டிராம் தாதர்வரை நீண்டது. டிராம் டெர்மினஸ் இருந்த அந்த இடம் இன்றும் தாதர் டி.டி. என்றே வழங்குகிறது. 1925-இல் இந்தியாவின் முதல் மின்சார ரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் மெயின் லைனும் மின்மயமாயிற்று. இதற்கிடையில் 1915-இல் ஜி.ஐ.பி. ரயில்வேயின் பெட்டி பழுதுபார்க்கும் ஒர்க்ஷாப் மாட்டுங்காவில் தொடங்கியிருந்தது, 1923-இல் வி.ஜே.டி.ஐ. என்ற தொழில்நுட்பக் கல்லூரி பைகுல்லாவிலிருந்து இங்கே இடம் மாறியது. 1930-களில் உலகப் பொருளாதார மந்தத்தால் கட்டுமானச் செலவு குறைந்திருந்த நேரத்தில், கையில் பணம் வைத்திருந்த வணிகர்கள், குறிப்பாகக் குஜராத்திகளும் கட்ச் பகுதியினரும், மனைகளைக் குத்தகைக்கு எடுத்து மளமளவென்று வாடகைக் கட்டடங்களை எழுப்பினார்கள். மூன்று தளம், ஒவ்வொரு தளத்திலும் நான்கு அல்லது ஆறு வீடுகள், எல்லாம் வாடகைக்கு. சொந்த வீடு என்ற எண்ணமே பம்பாயின் நடுத்தர மக்கள் பலருக்கு அப்போது கிடையாது.

அதே ஆண்டுகளில்தான் தென்னாட்டிலிருந்து இளைஞர்கள் பம்பாய் மெயிலில் வந்து இறங்கத் தொடங்கினார்கள். தஞ்சாவூர், திருச்சி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்த இவர்களிடம் பள்ளியிறுதி அல்லது கல்லூரிப் படிப்பும், டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும், பிழையில்லாத ஆங்கிலமும் இருந்தன. நிலத்திலிருந்து வரும் வருமானம் பங்குபோய்ச் சுருங்கியதும், சென்னை மாகாணத்தில் அரசு வேலைக்குப் போட்டி கூடியதும் அவர்களை ஊரைவிட்டு வெளியே அனுப்பின. ரயில்வே, வங்கி, இன்ஷூரன்ஸ், ஏற்றுமதி இறக்குமதிக் கம்பெனி, மில் அலுவலகம் என்று பம்பாயில் குமாஸ்தாக்களுக்குத் தேவை பெருகிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் பிராமணர்கள். முதல் சில ஆண்டுகள் நண்பர்களோடு ஓர் அறையிலும் மெஸ் சாப்பாட்டிலும் கழியும். பிறகு கல்யாணம் ஆகும், ஊரிலிருந்து மனைவி வருவாள், மாமியாரோ தாயாரோ கூட வருவார். அப்போது வீடு தேடவேண்டும். கிர்காவிலும் தாக்கூர்துவாரிலும் இருந்த பழைய சால்கள் மராத்தி, குஜராத்திச் சமூகங்களின் உறவு வலைக்குள் இருந்தன. வெளியார் உள்ளே நுழைவது எளிதாக இல்லை. மாட்டுங்காவிலோ எவருக்கும் முன்னுரிமை கிடையாது, ஏனென்றால் அங்கே எவருமே பழையவர் இல்லை. சொன்ன தேதியில் வாடகை தருகிறவர்கள் என்று தென்னாட்டுக் குமாஸ்தாக்களுக்குக் கட்டட உரிமையாளர்களிடம் நல்ல பெயர் இருந்ததாக எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஒருவர் குடிவந்ததும் எதிர்வீடு காலியாவதை ஊருக்கு எழுதுவார். அடுத்த மாதம் அத்தை மகன் வந்துவிடுவான்.

அந்த வீட்டின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். சாலில் ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. குழாயும் கழிப்பறையும் நடைக்கோடியில், எல்லோருக்கும் பொது. மாட்டுங்காவில் கட்டப்பட்டவை ஃபிளாட்டுகள். முன்னால் பால்கனி, பிறகு ஹால், நடுவில் ஓர் அறை, பின்னால் சமையலறை, அதன் பக்கத்தில் குளியலறை, கழிப்பறை, எல்லாம் ஒரே வாசற்கதவுக்குள். இன்றைக்கு இது சாதாரணம். மடி, ஆசாரம் என்று வளர்ந்த ஒரு குடும்பத்துக்கு அன்றைக்கு இது பெரிய திகைப்பு. ஊரில் கழிப்பிடம் கொல்லைக் கடைசியில், வீட்டை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கமுடியுமோ அவ்வளவு தள்ளி இருக்கும். இங்கே சமையல் மேடையிலிருந்து சில அடிகளில். அதேசமயம், விடியற்காலையில் பிறர் கைபடாத தன் வீட்டுக் குழாயில் நீர் பிடித்துக் குளித்து, மடியாகச் சமையல் செய்ய வழி கிடைத்ததும் இந்த ஃபிளாட்டில்தான். பொதுக்குழாய்ச் சாலில் அது நடக்காது. ஆகவே சமரசம் செய்துகொண்டார்கள். பழைய கட்டடங்களில் குளியலறையும் கழிப்பறையும் தனித்தனியாக, பின்புறம் ஒதுக்கிக் கட்டப்பட்டிருப்பதை நீங்கள் பார்க்கலாம். சமையலறை மூலையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மோரி என்ற மராத்திச் சொல்லையே மும்பைத் தமிழர்கள் இன்றும் சொல்கிறார்கள். வாசற்படிக்கு வெளியே, இரண்டு வீட்டுக்கும் பொதுவான மாடிப்படி முகப்பில், ஒரு முழச் சதுரத்துக்குள் கோலம் அடங்கியது. அகலமான வாசலில் புள்ளி வைத்துப் பழகிய கைகள் அதற்குள் இழையைச் சுருக்கக் கற்றுக்கொண்டன.

அதே கட்டடத்தின் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். பல கட்டடங்களில் இரும்பாலான சுழற்படி ஒன்று பின்சுவரை ஒட்டி மேலே ஏறும். கழிப்பறையைச் சுத்தம் செய்ய வருபவர்கள் முன்படியில் ஏறாமல், வீட்டுக்குள் நடக்காமல், பின்வழியே வந்து பின்வழியே போவதற்காக வைத்த படி அது. நவீனக் குடியிருப்பு என்று நாம் பெருமைப்படும் ஒன்றின் வரைபடத்திலேயே தீண்டாமைக்கும் ஓர் இரும்புப் படி ஒதுக்கப்பட்டிருந்தது. மாட்டுங்காவின் பண்பாட்டுப் பெருமையைப் பேசும் எவரும் இதையும் சேர்த்தே பேசவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அண்டை வீடான தாராவிக்கும் இங்கேயே வந்துவிடலாம். தண்டவாளத்துக்கு அப்பால் இருக்கும் மாட்டுங்கா லேபர் கேம்ப் பெயரளவில் மாட்டுங்கா, நிலத்தளவில் தாராவி. துப்புரவுப் பணியாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வாழ்ந்த அந்த முகாமில்தான் மராத்தியின் மாபெரும் மக்கள் கலைஞர் அண்ணாபாவு சாட்டே வாழ்ந்தார். தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கத்து இஸ்லாமியர்களும் ஆதிதிராவிடர்களும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வரத் தொடங்கிவிட்டார்கள். மாட்டுங்கா ஃபிளாட்டுகளின் செங்கல் அடுக்கப்படுவதற்கு முன்பே தமிழ் இந்தப் பகுதியில் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒரு ரயில் பாதையின் இருபுறமும் தமிழ் பேசுகிறவர்கள். ஒருபுறம் கணக்கெழுதுகிறவர்கள், மறுபுறம் தோல் பதனிடுகிறவர்கள். இருவருக்கும் இடையே உறவு அநேகமாக வேலைக்கு வைப்பவர், வேலைக்கு வருபவர் என்ற அளவில்தான் இருந்தது. மும்பைத் தமிழர் வரலாறு என்று ஒன்றைச் சொல்லத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பாதி வரலாறு.

இனிக் கோயில்கள். மாட்டுங்காவின் பழைய வழிபாட்டிடங்கள் பலவற்றின் பெயரிலும் சமாஜம் என்ற சொல் இருப்பதைக் காண்பீர்கள்: 1923-இல் தோன்றிய ஆஸ்திக சமாஜம், 1927-இல் தோன்றிய சவுத் இண்டியன் பஜன சமாஜம். ராஜகோபுரமும் மானிய நிலமும் தர்மகர்த்தாவும் இருக்கும் ஊர்க்கோயிலின் வழி இங்கே சாத்தியமில்லை. வாடகைக்குக் குடியிருப்பவர்களிடம் மானியமாகக் கொடுக்க நிலம் ஏது? வேலை முடிந்து வந்த குமாஸ்தாக்கள் வாரத்தில் ஒருநாள் கூடிப் பஜனை செய்தார்கள், மாதச் சந்தா வசூலித்தார்கள், கணக்கெழுதினார்கள், கமிட்டி தேர்ந்தெடுத்தார்கள். பஜனைக்கு வைத்த படம் பிறகு சந்நிதி ஆயிற்று. ஆஸ்திக சமாஜம் இன்று கொச்சுக் குருவாயூர் என்று மலையாளிகளும் தமிழர்களும் ஒருசேரக் கொண்டாடும் கோயிலாக வளர்ந்திருக்கிறது. பாலக்காட்டுத் தமிழர்கள் இங்கே கணிசமாக இருந்ததால், எது தமிழர் கோயில், எது மலையாளிகள் கோயில் என்ற கோடு மாட்டுங்காவில் எப்போதுமே அழுத்தமாக விழுந்ததில்லை.

பள்ளிக்கூடமும் சங்கீத சபாவும் இதே வழியில்தான் பிறந்தன. 1932-இல் எம். வி. வெங்கடேஸ்வரன் தொடங்கிய சவுத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டி, அதாவது எஸ்.ஐ.இ.எஸ்., தென்னிந்தியக் குடும்பங்களின் குழந்தைகளுக்காகப் பள்ளி நடத்தத் தொடங்கி, 1960-இல் சயனில் கல்லூரியும் திறந்து, பிறகு நவி மும்பையின் நெருல்வரை பரந்தது. இசைக்கு இருந்த சிறு சபாக்கள் 1950-களின் தொடக்கத்தில் ஒன்றுசேர்ந்து ஸ்ரீ ஷண்முகானந்தா சபாவாயின. கிங்ஸ் சர்க்கிள் நிலையத்துக்கு அருகே 1963-இல் அது கட்டிய அரங்கம் 1990-இல் தீ விபத்தில் பெரும் சேதமடைந்தது. மீண்டும் கட்டி 1998-இல் திறந்தார்கள். 2,763 இருக்கைகள் கொண்ட அந்த அரங்கம் இன்றும் நாட்டின் மிகப் பெரிய கலையரங்குகளில் ஒன்று. மாதச் சம்பளக்காரர்களின் சந்தாவில் முளைத்த ஒரு சபா இந்த அளவுக்கு வளர்ந்தது, மயிலாப்பூரும் திரும்பிப் பார்க்கவேண்டிய சாதனை.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு திருத்தம் சொல்லவேண்டும். மாட்டுங்கா என்றதும் எல்லோரும் பேசும் ஓட்டல்களில் பெரும்பாலானவை தமிழர்களுடையவை அல்ல. 1936-இல் தொடங்கிய மைசூர் கஃபே, 1940-இல் தொடங்கிய கஃபே மெட்ராஸ், 1942-இல் ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் ஆகியவற்றை நடத்தியவர்கள் உடுப்பி, மங்களூர்ப் பக்கத்துக் கன்னட, கொங்கணிக் குடும்பத்தினர். மெஸ் சாப்பாடு தேடிய தமிழ்க் குமாஸ்தா வாடிக்கையாளராக இருந்ததால் அவர்கள் இங்கே கடை போட்டார்கள். அதனால்தான் சாம்பாரில் ஒரு துளி வெல்லம் தெரியும், ரசத்தில் மங்களூர் மணம் இருக்கும். ராம நாயக்கின் போர்டிங் ஸ்டேஷனை ஒட்டிய மார்க்கெட் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது. வாழை இலையிலோ தட்டிலோ சாப்பாடு கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் போனால் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கவேண்டும். காத்திருக்கலாம், தகும். கிங்ஸ் சர்க்கிளில் கொங்கணி பேசும் ஜி.எஸ்.பி. (கௌட சாரஸ்வத பிராமணர்) சமூகத்தார் பல பத்தாண்டுகளாக வைக்கும் விநாயகரும் பெயர் பெற்றவர். தென்னிந்தியர் என்ற ஒரே வார்த்தையால் வெளியார் எங்களையெல்லாம் சேர்த்துக் குறித்தார்கள் என்றாலும், இந்தப் பேட்டையில் அப்படிச் சேர்ந்து வாழ்வது உண்மையிலேயே நடந்தது.

ஸ்டேஷன் பக்கத்து மார்க்கெட்டை ஒருமுறையாவது பண்டிகைக்கு முந்தைய நாளில் பார்க்கவேண்டும். சேனை, வாழைப்பூ, வாழைத்தண்டு, வெள்ளைப் பூசணி, மாவடு, நார்த்தங்காய், கட்டாகப் பச்சை மஞ்சள், நீளமாக அடுக்கிய நுனி இலைகள். பூக்கடைகளில் மல்லிகைச் சரம் முழத்தில் அளந்து தரப்படும். மும்பையின் பிற இடங்களில் கிடைக்கும் கஜ்ராவைவிட நெருக்கமாகக் கட்டியிருக்கும். காய்காரர்களில் பலர் இன்று மராத்தியர்கள், உத்தரப் பிரதேசத்தவர்கள். ஆனால் முருங்கைக்காய் வேண்டும் என்று தமிழிலேயே கேட்டால் கை தானாக அதன் பக்கம் போகும். சற்றுத் தள்ளிக் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடைகள். சிக்கரி எத்தனை சதவீதம் என்று கேட்டுவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவார்கள். பூஜைப் பொருள்களுக்கும் ஆன்மிகப் புத்தகங்களுக்கும் சென்னையில் பலரும் போகும் கிரி டிரேடிங் நிறுவனம் மாட்டுங்காவில் தொடங்கியதே. ரஜினிகாந்த் படம் வெளியாகும் நாளில் கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டர் வாசலில் கட்-அவுட்டும் மேளமும் அமர்க்களப்படும் வழக்கம் இருந்தது; அந்தக் கூட்டத்தில் தாராவிப் பக்கத்து இளைஞர்கள்தாம் அதிகம். ரயில் பாதையின் இருபுறத்தையும் ஒன்றுசேர்த்த மிகச் சில இடங்களில் அந்தத் தியேட்டர் ஒன்று.

தமிழர்கள் மட்டும்தான் இங்கே வாழ்ந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் பார்சிகளும், பிரிவினைக்குச் சற்று முன்னும் பின்னும் வந்த பஞ்சாபிகளும், பிருத்விராஜ் கபூர் குடும்பம் போன்ற சினிமாக்காரர்களும் இருந்தார்கள். குஜராத்திகளும் கட்ச் பகுதியினரும் கட்டட உரிமையாளர்களாகத் தொடக்கம் முதலே இருந்தவர்கள்.

1966-இல் சிவசேனை தோன்றியதும் அதன் முதல் இலக்கு தென்னிந்தியர்கள்தாம். வெள்ளைக்காலர் வேலைகளை மதராசிகள் பிடித்துக்கொண்டார்கள் என்ற பிரசாரமும், லுங்கிக்காரர்களை விரட்டுவோம் என்ற கோஷமும், உடுப்பி ஓட்டல்கள்மீது கல்லெறியும் அந்த ஆண்டுகளின் நினைவுகள். பயம் உண்மையானது, ரயிலில் தமிழில் உரக்கப் பேசத் தயங்கிய ஒரு தலைமுறை இருந்தது. ஆனாலும் மாட்டுங்காவிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் குறைந்ததற்கு அந்த அரசியலை முதற்காரணமாகச் சொல்வது சரியில்லை என்பது என் கருத்து. அவர்கள் போனது ஊருக்குத் திரும்பியல்ல. செம்பூருக்கும் முலுண்டுக்கும் டோம்பிவிலிக்கும், பிறகு வாஷிக்கும் நெருலுக்கும். அவர்களை நகர்த்தியது மீண்டும் வாடகைதான்.

1947-இல் வந்த பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் 1 அன்று இருந்த வாடகையை அளவுகோலாக வைத்தது. போர்க்காலத்தில் ஏறிய வாடகையிலிருந்து குடித்தனக்காரரைக் காக்க வந்த சட்டம் அது, காக்கவும் செய்தது. ஆனால் அதன் விளைவுகள் பத்தாண்டுகளில் தெரியத் தொடங்கின. மாதம் சில பத்து ரூபாய் வாடகையில் குடியிருந்தவர் வீட்டை விடவில்லை, விட்டால் அந்த வாடகையில் வேறெங்கும் கிடைக்காது. உரிமையாளருக்கு அந்த வருமானத்தில் வெள்ளையடிக்கக்கூடக் கட்டுப்படியாகவில்லை, பழுதுபார்ப்பதை நிறுத்தினார். வாடகைக்கென்று புதிதாகக் கட்டுவதையும் எல்லோரும் நிறுத்தினார்கள். குடித்தன உரிமையைக் கைமாற்றப் பெருந்தொகை வாங்கும் பகடி முறை வேரூன்றியது. 1930-களில் வெறுங்கையோடு வந்த இளைஞனுக்குத் திறந்திருந்த வாசல் 1960-களில் வந்த அவன் மருமகனுக்கு அடைபட்டிருந்தது. இரண்டு அறைகளில் பெற்றோரும் மூன்று பிள்ளைகளும் அவர்கள் மனைவிமாரும் எத்தனை நாள் இருக்கமுடியும்? மூத்தவர் பெற்றோரோடு தங்குவார்; மற்றவர்கள் பிராவிடண்ட் ஃபண்டில் கடன் வாங்கிப் புறநகரில் சொந்த ஃபிளாட் வாங்கினார்கள். செம்பூரில் சேடா நகர் முருகன் கோயில் எழுந்ததற்கும் இந்த நகர்வே காரணம்.

பெற்றோர் காலமான பிறகு பழைய வீட்டின் உரிமையை உரிமையாளரிடமோ வசதி படைத்த வேறொருவரிடமோ விட்டுக்கொடுத்தார்கள். வாங்கியவர்களில் குஜராத்தி, கட்ச், ஜைனக் குடும்பங்கள் மிகுதி. சட்டம் 2000-இல் புதியதாக மாற்றப்பட்டாலும் பழைய குடித்தனங்களின் வாடகை பெரிதாக உயரவில்லை. இப்போது கட்டடங்களே மாறிக்கொண்டிருக்கின்றன. 1969-க்கு முன் கட்டப்பட்டு, பழுதுபார்ப்பு செஸ் வரி கட்டிவரும் பழைய கட்டடங்களை இடித்து, அதிலிருந்த குடித்தனக்காரர்களுக்கு இலவச வீடு கொடுத்துவிட்டு மீதியை விற்றுக்கொள்ள விதிகள் இடம் தருகின்றன. தரைத்தளமும் இரண்டு மாடியும் இருந்த இடத்தில் இருபது மாடிக் கோபுரம் எழுகிறது. மழைக்கு ஒழுகும் கூரையின்கீழ் இருந்த முதியவர்களுக்கு லிஃப்ட்டோடு சொந்த வீடு கிடைப்பதை நான் குறை சொல்லமாட்டேன்; அவர்கள் பட்ட சிரமம் எனக்குத் தெரியும். ஆனால் காற்றுக்கென்று ஒரு நூற்றாண்டுக்கு முன் விட்ட இடைவெளிகள் அதோடு போகின்றன, தெருவின் மரங்களும் போகின்றன. எந்த நெரிசலுக்கு மாற்றாக இந்தப் பேட்டை திட்டமிடப்பட்டதோ அதே நெரிசல் இங்கே செங்குத்தாகக் கட்டப்படுவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: மாட்டுங்கா இன்று பெரும்பாலான மும்பைத் தமிழர்கள் வசிக்கும் இடமன்று, வந்துபோகும் இடம். ராமநவமிக்கும் கச்சேரிக்கும் கல்யாணச் சாமான் வாங்கவும் நெருலிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் வருகிறார்கள். சமாஜங்களும் பள்ளியும் சபாவும் வாடகை வீடுகளில் இல்லாமல் தமக்கென்று கட்டடம் வைத்திருந்ததால் அவை நிலைத்தன; வாடகையில் இருந்த குடும்பங்கள் கலைந்தன. பழைய கட்டடங்களில் மூத்த தலைமுறையினர் இன்னும் இருக்கிறார்கள், தெலங் சாலையிலும் பண்டார்கர் சாலையிலும் காலை நேரத்தில் தமிழ் காதில் விழும். ஆனால் உங்கள் வயதினர் வாழும் தமிழ்க் குடும்பங்களை அக்கம்பக்கத்தில் எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும். அதற்குச் செம்பூரோ முலுண்டோ நெருலோ பொருந்தும்.

அப்படியும் மாட்டுங்காவில்தான் இருக்கவேண்டும் என்று விரும்பினால், பார்க்கும் வீடு பகடியா சொந்த உரிமையா என்பதை முதலில் கேளுங்கள். பகடி வீட்டில் குடித்தனக்காரர், கட்டட உரிமையாளரின் சம்மதமின்றி உங்களுக்கு உள்வாடகைக்கு விட்டால் பின்னால் இருவருக்கும் தொல்லை. கட்டடம் இடித்துக் கட்டும் திட்டத்தில் இருக்கிறதா என்று அங்கே குடியிருக்கும் இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள். இருந்தால் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்வார்கள். பதினொரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் எனப்படும் வாடகை ஒப்பந்தம் எழுதினாலும் மகாராஷ்டிரத்தில் அதைப் பதிவு செய்வது கட்டாயம், பதிவில்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் சுற்றுவட்டத்தில் தண்ணீர் தேங்கும் என்பதால், தரைத்தள வீடு என்றால் ஜூலை மாதத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.